ஒரே சொல், வேறு பொருள்: மார்மன் மரபில் இறைமைச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

2001ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு வினாவுக்கு ஒரே சொல்லில் விடையளித்தது. மார்மன் சபை என்று பொதுவழக்கில் அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அளிக்கும் திருமுழுக்கு செல்லுமா என்பது வினா. செல்லாது என்பது விடை. பிற சபையார் அளித்த திருமுழுக்கை, நீரும் வாய்பாடும் நோக்கமும் முறையாக இருப்பின், கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பது நெடுங்கால வழக்கம். மார்மன் சபையும் நீரினால், தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவர் பெயரைச் சொல்லியே திருமுழுக்கு அளிக்கிறது. அவ்வாறிருந்தும் அது மறுக்கப்பட்டமைக்குக் கூறப்பட்ட தலைமையான காரணம், அச்சொற்கள் அங்கே வேறு பொருளைக் குறிக்கின்றன என்பதே. மார்மன் சபையாரும் பிற சபைகளின் திருமுழுக்கை ஏற்பதில்லை. ஆனால் அவர்கள் கூறும் காரணம் சொற்பொருள் அன்று, குருத்துவ அதிகாரம்.

சமயவியலார்க்கு இது கோட்பாட்டுப் பூசல். மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது சொற்பொருளியற் சிக்கல். பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் பிரித்தறியலாம் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வழிகாட்டும். இங்கே அவ்வழி உதவுவதில்லை. 'கடவுள்' என்னும் சொல்லோடு இரு மரபிலும் 'படைத்தார்' என்னும் அதே வினை வருகிறது. 'தந்தை', 'மகன்', 'ஆவி' என்னும் அதே இனச்சொற்கள் வருகின்றன. விவிலியம் என்னும் அதே சார்பும் இருக்கிறது. பொருளை வேறுபடுத்திக் காட்டவேண்டிய துணைச்சொற்கள் அனைத்தும் தாமே பொருள் மாறி நிற்கின்றன. எனவே இவ்வேறுபாட்டை அகராதியால் அறிய இயலாது. வரலாற்றால் மட்டுமே அறிய இயலும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, தமிழ் மொழிபெயர்ப்புக்கு அதனால் விளையும் பயனைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எம்மரபு மெய் என்பது இங்கு ஆராயப்படவில்லை.

2. மரபுக் கொள்கை உருவான வகை

'திரித்துவம்' என்னும் சொல் விவிலியத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவின் தியோஃபிலஸ் 'திரியாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஆண்டார். சற்றுப் பின்னர்க் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 'திரினித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லை வழங்கினார். கடவுள் ஒருவரே என்னும் யூத மரபின் உறுதியையும், இயேசுவைக் கடவுளாக வழிபடும் கிறித்தவ வழக்கத்தையும் ஒருசேரக் காக்கும் முயற்சியே இச்சொல்லாக்கங்களுக்கு அடிப்படை.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் அரியுஸ், மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், எனவே தந்தைக்குச் சமமானவரல்லர் என்று போதித்தார். 325ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய பொதுச்சங்கம் அதனை மறுத்து, மகன் தந்தையோடு 'ஹோமோஊசியோஸ்' என்று அறிக்கையிட்டது. 'ஊசியா' என்பது இருத்தலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து பிறந்த பெயர். தமிழில் 'உள்பொருள்' எனலாம். 'ஒரே உள்பொருளினர்' என்பது அத்தொடரின் கருத்து. இதிலும் ஓர் இருபொருண்மை உண்டு. இரு மனிதர் மனிதத்தன்மையால் ஒன்றாதல் ஒருவகை. எண்ணிக்கையிலேயே ஒன்றாதல் மற்றொரு வகை. பிற்கால மரபு இரண்டாவதையே உறுதிப்படுத்தியது. இவ்விருபொருண்மை பின்வரும் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகும்.

நைசியாவுக்குப் பின் எழுந்த குழப்பத்தில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு இருந்தது. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்தாசிஸ்' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நேரான இலத்தீன் வடிவம் 'சப்ஸ்தான்சியா'. ஆனால் இலத்தீனார் 'சப்ஸ்தான்சியா' என்பதை ஒருமையைக் குறிக்கும் சொல்லாக வழங்கினர். மும்மையைக் குறிக்க அவர்களிடம் 'பெர்சோனா' என்னும் சொல் இருந்தது. கிழக்கத்தியர் 'மூன்று ஹிப்போஸ்தாசிஸ்' என்றபோது மேற்கத்தியர் காதில் அது மூன்று கடவுளர் என்று ஒலித்தது. நைசியா அறிக்கையின் சாபவுரையே 'ஊசியா', 'ஹிப்போஸ்தாசிஸ்' ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் கொண்டிருந்தது சிக்கலை மிகுவித்தது. 362ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் தலைமையில் கூடிய சங்கம் இரு சாராரையும் வினவி, சொல் வேறாயினும் கருத்து ஒன்றே என்று தெளிந்தது. பின்னர்ப் பசிலியார், நசியான்சு கிரகோரியார், நிசா கிரகோரியார் ஆகிய கப்பதோக்கிய அறிஞர்கள் 'ஊசியா ஒன்று, ஹிப்போஸ்தாசிஸ் மூன்று' என்று சொற்களை வரையறுத்தனர். 381ஆம் ஆண்டு கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் நைசியாவின் விசுவாசத்தை நிலைநிறுத்தியது.

அக்காலத்தில் வேற்றுச் சொற்களின்கீழ் ஒரே கருத்து இருந்தது. மார்மன் வரலாற்றில் ஒரே சொல்லின்கீழ் வேறு கருத்து இருக்கிறது. முதலாவதைப் பேசித் தீர்க்க முடிந்தது. இரண்டாவதைப் பேசினால் வேறுபாடு தெளிவாகுமேயன்றித் தீராது.

மரபுக் கொள்கையின் இரண்டாம் தூண் கடவுளின் உருவின்மை. அதுவும் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 399ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோஃபிலஸ் கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று மடல் விடுத்தபோது எகிப்தின் துறவியர் பலர் கலங்கினர். செராப்பியோன் என்னும் முதிய துறவி, தம் கடவுளைத் தம்மிடமிருந்து எடுத்துச் சென்றுவிட்டதாக அழுதார் என்று கசியன் என்பார் பதிவுசெய்துள்ளார். மூன்றாம் தூண், இன்மையிலிருந்து படைத்தல். இரண்டாம் நூற்றாண்டில் தெளிவுபெறத் தொடங்கிய இக்கருத்தை 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் அறிக்கையாக்கியது. சீர்திருத்தச் சபைகளும் இவற்றை விட்டுவிடவில்லை. 1571இல் இறுதிவடிவம் பெற்ற இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளுள் முதலாவது, கடவுளுக்கு உடலும் உறுப்புகளும் உணர்ச்சி வேகங்களும் இல்லை என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மார்மன் எழுத்தாளர்கள் எதிர்த்தெழுதியது பெரும்பாலும் இவ்விதியின் வாசகத்தையே.

3. 1830 முதல் 1835 வரை: தொடக்ககால நூல்கள்

ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்து நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர். மார்மன் நூல் 1830 மார்ச்சில் பால்மைரா என்னும் ஊரில் 5,000 படிகள் அச்சிடப்பெற்று வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6இல் சபை அமைக்கப்பட்டது.

முதற்பதிப்பைப் படிப்பவர் பிற்கால மார்மன் கொள்கையை அதில் எதிர்பார்த்தால் வியப்படைவர். நூலின் சாட்சியர் அறிக்கை தந்தை, மகன், ஆவி ஆகியோரின் ஒருமையை வலியுறுத்தும் மொழியைக் கையாளுகிறது. மோசியா பகுதியின் 15ஆம் அதிகாரம் கிறிஸ்துவையே தந்தையும் மகனும் என்கிறது. ஸ்மித் 1830க்கும் 1833க்கும் இடையில் விவிலியத்தைத் திருத்தியமைத்தபோது லூக்கா 10ஆம் அதிகாரத்தின் ஒரு வசனத்தை, மகனே தந்தை, தந்தையே மகன் என்னும் கருத்துப்பட மாற்றினார். இம்மொழி நைசியாவின் திரித்துவத்தினும் மிகுந்த ஒருமையை, அதாவது மூவரும் ஒருவரின் மூன்று தோற்றங்களே என்னும் பழங்கொள்கையை ஒத்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். மார்மன் அறிஞர் பலர் இதனை மறுத்து, அது நோக்கத்தின் ஒருமையே என்பர்.

1837ஆம் ஆண்டுப் பதிப்பு பாடவேறுபாட்டு ஆய்வில் தனிக்கவனத்துக்கு உரியது. முதல் நேபி பகுதியில் நான்கு இடங்களில் 'மகன்' என்னும் கருத்து செருகப்பட்டது. கன்னியைக் கடவுளின் தாய் என்ற இடம் கடவுளின் மகனுடைய தாய் என்றாயிற்று. ஆட்டுக்குட்டியை நித்திய தந்தை என்ற இடம் நித்திய தந்தையின் மகன் என்றாயிற்று. ஏனைய இரு மாற்றங்களும் இத்தகையனவே. மோசியா 15 போன்ற பகுதிகள் மாற்றப்படவில்லை. இம்மாற்றம் தெளிவுறுத்தலா, கொள்கை வளர்ச்சியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், 'தந்தை', 'மகன்' என்னும் சொற்கள் இருவேறு ஆட்களைக் குறிக்கவேண்டும் என்னும் கவலை 1837க்குள் தோன்றிவிட்டது என்பதற்கு இப்பாடமே சான்று.

1835இல் வெளிவந்த 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்னும் நூலின் முற்பகுதியாக 'விசுவாச விரிவுரைகள்' இடம்பெற்றன. ஐந்தாம் விரிவுரை தந்தையை ஆவியாலான ஆள் என்றும், மகனை உடலுடைய ஆள் என்றும், தூய ஆவியை அவ்விருவரின் மனம் என்றும் கூறியது. தந்தைக்கு உடலுண்டு என்னும் பிற்காலப் போதனையோடு இது பொருந்தாது. இவ்விரிவுரைகள் 1921ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன.

ஸ்மித் தம் சிறுவயதில், 1820இல், கண்டதாகக் கூறிய முதற்காட்சியின் பதிவுகளும் இங்குக் கருதத்தக்கன. 1832இல் எழுதிய பதிவு ஆண்டவரின் தோற்றத்தைப் பேசுகிறது. 1838இல் தொடங்கி எழுதப்பட்டு 1842இல் அச்சான பதிவு தந்தையும் மகனும் ஆகிய இரு ஆட்களைத் தெளிவாகப் பேசுகிறது. இன்றைய மார்மன் போதனையில் இக்காட்சியே இறைவன் உருவமுடையவர் என்பதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுகிறது.

4. எபிரேயப் பயிற்சியும் நாவூ நகரப் போதனைகளும்

1836ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒகையோ மாநிலத்தின் கர்ட்லாந்தில் ஜோஷுவா செய்க்சஸ் என்னும் எபிரேய ஆசிரியரிடம் ஸ்மித்தும் தோழர்களும் எபிரேயம் கற்றனர். சில வாரங்களே நிகழ்ந்த இப்பயிற்சியின் தடம் ஆறாண்டுகளுக்குப் பின் தெரிந்தது.

1830இல் ஸ்மித் ஆதியாகமப் படைப்பு வரலாற்றைத் திருத்தியபோது கடவுள் தன்மை ஒருமையில் பேசினார். படைத்தல் வினையும் மாறவில்லை. 1842 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரிலிருந்து வந்த இதழில் அவர் வெளியிட்ட ஆபிரகாம் நூலில் அதே வரலாறு மீண்டும் வருகிறது. அங்கே எழுவாய் பன்மையாகிறது. கடவுளர் வானத்தையும் பூமியையும் ஒழுங்குபடுத்தி அமைத்தனர் என்கிறது. ஒரே மூலப்பகுதியின் இரு வடிவங்களில் எழுவாயின் எண்ணும் பயனிலையின் பொருளும் ஒருங்கே மாறியமை கொள்கை மாற்றத்தை இலக்கணத்திலேயே காட்டுகிறது.

எழுவாயின் மாற்றம் 'எலோஹிம்' என்னும் சொல்லை அடிப்படையாகக் கொண்டது. அது வடிவத்தால் பன்மை. இஸ்ரயேலின் கடவுளைக் குறிக்கையில் பொதுவாக ஒருமை வினையையே கொள்ளும். தமிழில் உயர்வுப்பன்மை வினைமுற்றையும் பன்மையாக்கும். எபிரேயத்தில் பெயர் மட்டுமே பன்மை வடிவில் நிற்க, வினை ஒருமையில் முடியும். மரபிலக்கண நூலார் இதனை மாட்சிமைப் பன்மை என்பர். ஸ்மித் 1844 ஜூன் 16ஆம் நாள் ஆற்றிய உரையில் அப்பன்மையை உண்மைப் பன்மையாகவே கொள்ளவேண்டும் என்று வாதிட்டார். பயனிலையின் மாற்றம் 'பாரா' என்னும் வினையைப் பற்றியது. 1844 ஏப்ரல் 7ஆம் நாள் ஆற்றிய உரையில் அவர், அவ்வினைக்கு இன்மையிலிருந்து உண்டாக்குதல் என்பது பொருளன்று, உள்ள பொருளை ஒழுங்குபடுத்துதலே பொருள் என்றார். இன்றைய எபிரேய ஆய்வு இதில் எவர் பக்கமும் முழுமையாக நிற்பதில்லை. அடிப்படை வினைவடிவில் 'பாரா' கடவுளையே எழுவாயாகக் கொள்ளும். ஆனால் இன்மையிலிருந்து என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியதன்று. எனினும் அதனைக் கொண்டு பல கடவுளர் கொள்கையை நிறுவ இயலாது.

ஏப்ரல் உரை, அண்மையில் இறந்த கிங் ஃபோலட் என்பாரின் நினைவாக ஆற்றப்பட்டமையால் அவர் பெயரால் வழங்குகிறது. 'கிங்' என்பது இங்கே இயற்பெயர்; அதனை 'அரசர்' என்று பெயர்ப்பது பிழை. கடவுள் ஒருகாலத்தில் மனிதரைப் போன்றிருந்து உயர்வடைந்தவர், மனித ஆவியின் அறிவுக்கூறு படைக்கப்படாதது, மனிதரும் கடவுள்நிலை எய்தலாம் என்பன அவ்வுரையின் மையக் கருத்துகள். நால்வர் எடுத்த குறிப்புகளே இதற்கு மூலம். அக்குறிப்புகள் சொல்லுக்குச் சொல் ஒத்தவை அல்ல. 1844 ஆகஸ்டில் அவற்றை இணைத்து அச்சிட்டனர். இவ்வுரை திருமறைத் தகுதி பெறவில்லை. ஆயினும் மார்மன் சிந்தனையில் இதன் செல்வாக்குப் பெரிது.

திருமறைத் தகுதி பெற்றவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. 1843 ஏப்ரல் 2ஆம் நாள் போதனை, தந்தைக்கும் மகனுக்கும் தசையும் எலும்புமாகிய உடல் உண்டு, தூய ஆவி ஆவியாலான ஆள் என்கிறது; இது 1876ஆம் ஆண்டுப் பதிப்பில் மறைநூலுள் சேர்ந்தது. 1843 மே மாதத்துப் போதனை, பருப்பொருள் அல்லாத ஆவி என்று ஒன்றில்லை, ஆவியனைத்தும் நுண்ணிய பொருளே என்கிறது. இவ்விரண்டாலும் மரபுக் கொள்கையின் மூன்று தூண்களும் ஒருங்கே விலக்கப்பட்டன. இறைவன் உருவமுடையவர், பொருளும் அறிவும் தொடக்கமற்றவை, ஒருமை என்பது உள்பொருளின் ஒருமையன்று, நோக்கத்தின் ஒருமை.

இக்கொள்கைக்கு எதிர்ப்பு சபைக்குள்ளேயே எழுந்தது. 1844 ஜூன் 7ஆம் நாள் கருத்து மாறுபட்ட உறுப்பினர் நாவூவில் வெளியிட்ட செய்தித்தாள், பலதார மணத்தோடும் அதிகாரக் குவிப்போடும் பல கடவுளர் போதனையையும் குற்றமாகச் சாற்றியது. அச்சகம் அழிக்கப்பட்டது, அதன் தொடர்ச்சியாகச் சிறைப்பட்ட ஸ்மித் ஜூன் 27ஆம் நாள் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டார். கொலைக்கு அரசியற் காரணங்களே முதன்மையானவை. எனினும் 'கடவுளர்' என்னும் ஒரு பன்மைச் சொல் அப்பூசலின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

5. 1916ஆம் ஆண்டு அறிக்கை: 'தந்தை' என்னும் சொல்லின் பொருள்வகை

ஸ்மித்தின் மறைவுக்குப் பின் சொற்பொருள் நெடுங்காலம் நிலைபெறவில்லை. பிரிகாம் யங் 1852 முதல் ஆதாமையே தந்தையாகிய கடவுள் என்னும் பொருள்பட உரையாற்றினார். இதனைச் சபைத்தலைவர் ஸ்பென்சர் கிம்பல் 1976இல் வெளிப்படையாக மறுத்தார். 'யெகோவா' என்னும் பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில இடங்களில் தந்தையையும் சில இடங்களில் மகனையும் குறித்தது.

இந்நிலையில் 1916 ஜூன் 30ஆம் நாள் சபையின் முதன்மைத் தலைமையும் பன்னிரு திருத்தூதரும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை ஓர் அகராதிப் பதிவைப் போன்றது. அதனை உருவாக்கியதில் 1915இல் 'இயேசு என்னும் கிறிஸ்து' என்ற நூலை எழுதிய ஜேம்ஸ் டால்மேஜுக்குப் பெரும்பங்கு உண்டு. மறைநூலில் 'தந்தை' என்னும் சொல் நான்கு பொருளில் வருவதாக அது வகுத்தது: ஆவிகளை ஈன்றவர் என்னும் நேர்ப்பொருள், வானையும் பூமியையும் அமைத்தவர், நற்செய்தியை ஏற்றோர்க்குப் புதுவாழ்வால் தந்தையானவர், தந்தையின் அதிகாரம் அளிக்கப்பெற்று அவர் பெயரில் பேசுபவர். முதற்பொருள் எலோஹிமுக்கே உரியது. ஏனைய மூன்றும் இயேசுவுக்குப் பொருந்தும். இவ்வாறு எலோஹிம் என்பது தந்தையின் பெயராகவும், யெகோவா என்பது உடலெடுக்குமுன் மகனுடைய பெயராகவும் நிலைபெற்றன. மாற்றப்படாமல் நின்ற மோசியா 15ஆம் அதிகாரத்தின் சிக்கலும் இவ்வகைப்பாட்டால் விளக்கம் பெற்றது. மூலபாடத்தைத் தொடாமல் சொற்பொருளை வகுத்து முரண் நீக்கும் உரையாசிரியர் முறையை இதில் காண்கிறோம்.

இங்கு மரபுக் கிறித்தவத்தோடு உள்ள வேறுபாடு கூர்மையானது. நைசியா மரபில் 'தந்தை' என்பது உறவுப்பெயர். தந்தை மகனை என்றென்றும் பிறப்பிக்கிறார், மனிதர் தத்துப் பிள்ளைகள். மார்மன் மரபில் மனித ஆவிகள் அனைத்தும் தந்தைக்கு நேர்ப்பொருளில் பிள்ளைகள். இயேசு அவருள் தலைப்பிள்ளை. எனவே தாயும் வேண்டப்படுகிறார். எலைசா ஸ்னோ 1845இல் வெளியிட்ட பாடலில் விண்ணகத் தாய் இடம்பெற்றார். 1995ஆம் ஆண்டுக் குடும்ப அறிக்கை விண்ணகப் பெற்றோர் என்னும் தொடரை ஆள்கிறது.

6. தெய்வமாதல்

மனிதர் தெய்வமாதல் என்னும் பேச்சு மரபுக் கிறித்தவத்திலும் உண்டு. மனிதர் தெய்வமாகும்பொருட்டே வார்த்தையானவர் மனிதரானார் என்னும் கருத்து அத்தனாசியுஸ் எழுத்தில் இருக்கிறது. கிழக்குத் திருச்சபை இதனை இன்றும் போற்றுகிறது. இதனைச் சுட்டி மார்மன் எழுத்தாளர் சிலர் தம் கொள்கை பழமையானதே என்பர். சொல் ஒன்றாயினும் எல்லை வேறு. பதினான்காம் நூற்றாண்டில் கிரகோரி பாலமாஸ் தெளிவுபடுத்தியபடி, மனிதர் பங்குபெறுவது இறைவனின் ஆற்றல்களிலேயன்றி அவருடைய உள்பொருளில் அன்று. படைத்தவர்க்கும் படைக்கப்பட்டவர்க்கும் இடையிலுள்ள எல்லை அழிவதில்லை. மார்மன் மரபில் அவ்வெல்லையே இல்லை. இறைவரும் மனிதரும் ஒரே இனத்தர்; வேறுபாடு நிலையில், வகையில் அன்று. 2014இல் சபை வெளியிட்ட விளக்கக் கட்டுரையும் மனிதர் இறைவரைப்போல் ஆதலைத் தன் போதனையாக உறுதிசெய்கிறது.

மார்மன் நூலைத் திருமறையாகக் கொண்டே திரித்துவத்தை ஏற்கும் சபையும் உண்டு. மறுசீரமைக்கப்பட்ட சபை என்று முன்னர் அழைக்கப்பட்டு 2001 முதல் 'கிறிஸ்துவின் சமூகம்' என வழங்கும் சபை அத்தகையது. மார்மன் நூலின் சொற்கள் தாமே இப்பொருளைத் தரவில்லை, நாவூ நகரப் போதனைகளும் 1916ஆம் ஆண்டு அறிக்கையுமே தந்தன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

7. தமிழ் மொழிபெயர்ப்பு நோக்கில்

மார்மன் நூல் தமிழில் 'மார்மன் புஸ்தகம்' என வழங்குகிறது. இச்சபையின் தமிழ் வெளியீடுகள் 'தேவன்', 'பரலோக பிதா' போன்ற சொற்களை, அதாவது பழைய சீர்திருத்தச்சபை விவிலியத்தின் சொல்வழக்கை, ஆளுகின்றன. அவ்வழக்கு நீண்ட தேர்வின் விளைவு. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்பதை நிலைநிறுத்தியது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது.

இச்சொற்களுள் எது மார்மன் கருத்துக்கு இசைவானது? 'பராபரன்' அனைத்துக்கும் அப்பாற்பட்டமையைக் குறிப்பது. 'கடவுள்' என்பதைக் கடந்தும் உள்ளும் நிற்பது என விளக்கும் மரபு உண்டு. அவ்வேர்விளக்கம் உறுதியானதா என்பது வேறு வினா. 'தேவன்' ஓர் இனப்பெயர். 'தேவர்' எனப் பன்மை ஏற்பதில் அதற்குத் தடையில்லை. ஆகவே நைசியா மரபினர் வேறு காரணத்துக்காகத் தேர்ந்த சொல், மார்மன் கருத்துக்கு அவர்கள் எண்ணாத வகையில் இடமளிக்கிறது.

'ஹோமோஊசியோஸ்' என்பதைத் தமிழில் 'ஒரே பொருள்' என்றும் 'ஒரே தன்மை' என்றும் பெயர்க்கலாம். இருவர் ஒரே பொருளாக இருத்தல் அரிது. ஒரே தன்மையராக இருத்தல் எளிது. 'தந்தையும் மகனும் ஒரே தன்மையர்' என்னும் தொடரை மார்மன் சபையார் ஒருவர் தயக்கமின்றி ஏற்கலாம். நைசியாவில் கருவாக இருந்த இருபொருண்மை தமிழில் இரு சொற்களாகப் பிரிந்து நிற்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளவேண்டியது.

மார்மன் சபையார் திரித்துவம் என்னும் சொல்லைத் தம் கொள்கைக்கு வழங்குவதில்லை. அவர்கள் விரும்பும் ஆங்கிலச் சொல், 'தன்மை' என்னும் ஈற்றையொத்த விகுதி பெற்ற பண்புப்பெயர். தமிழ் விவிலியத்தின் 'தேவத்துவம்' அதற்கு நேர். ஆனால் அவர்கள் வழக்கில் அது மூவர் அடங்கிய குழுவைக் குறிக்கும் தொகுதிப்பெயர். 'தேவத்துவத்தின் உறுப்பினர்' என்று தமிழில் எழுதினால் தொடர் நொண்டும். 'திரித்துவம்' என்று எழுதினால் தொடர் நன்றாக அமையும், பொருள் பொய்யாகும். 'இறைமூவர்' என்பது போன்ற தொகுதிச் சொல்லே இங்குப் பொருந்தும்.

'ஆவி' என்னும் சொல் வேறுவகைப் பாடம் தருகிறது. தமிழில் அது மூச்சையும் நீராவியையும் குறிக்கும். நுண்பொருள் என்னும் கருத்து அதில் இயல்பாகவே உண்டு. பருப்பொருள் சாராத ஆவி என்னும் மரபுக் கருத்தைத்தான் தமிழில் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. 'படைத்தல்' என்பதும் அவ்வாறே. உள்ளதிலிருந்தே உலகம் தோற்றுவிக்கப்படுகிறது என்னும் சைவ சித்தாந்தக் கருத்துக்குப் பழகிய தமிழ்ச் சொல் அது. எனினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. சித்தாந்தத்தின் பதி உடலெடுத்து உயர்ந்தவர் அல்லர்.

'நித்திய' என்னும் அடையும் எச்சரிக்கைக்கு உரியது. ஸ்மித்தின் தொடக்ககால வெளிப்பாடு ஒன்று, 'நித்தியர்' என்பது இறைவனின் பெயராதலால், 'நித்திய தண்டனை' என்பது முடிவற்ற தண்டனையன்று, இறைவன் தரும் தண்டனை என்று விளக்குகிறது. நம் இலக்கணத்தில் கூறுவதாயின், பண்புத்தொகையாகக் கொள்ளப்பட்ட ஒன்று வேற்றுமைத்தொகையாக விரிக்கப்படுகிறது. 'முடிவில்லாத தண்டனை' என்று பெயர்ப்பவர் இவ்விளக்கத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுவார்.

8. முடிவுரை

மரபுக் கிறித்தவர் நோக்கில் நைசியாவின் சொற்கள் விவிலியத்தின் கருத்துக்கு இடப்பட்ட வேலி. மார்மன் சபையார் நோக்கில் அவை கிரேக்க மெய்யியல் விவிலியத்தின்மேல் போர்த்திய போர்வை. இவ்விரு நோக்கையும் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டாதிருக்கும் கடமை அவருக்கு உண்டு. வேறுபாட்டை மிகைப்படுத்த மார்மன் நூல்களுக்கு மட்டும் தமிழில் அயற்சொற்களைப் புகுத்துவது ஒரு சார்பு. வேறுபாடே இல்லாததுபோல் திரித்துவச் சொற்களை இட்டு நிரப்புவது மற்றொரு சார்பு. சபையார் தாம் வழங்கும் சொல்லையே பனுவலில் ஆண்டு, அச்சொல் எந்த ஆண்டில், எந்தப் போதனையால் இப்பொருள் பெற்றது என்பதைக் குறிப்பில் தருவதே நேரிய வழி. 1830ஆம் ஆண்டுப் பனுவலில் வரும் 'தந்தை'யை 1916ஆம் ஆண்டின் பொருளால் பெயர்க்காதிருப்பதும் அவ்வழியைச் சார்ந்ததே.

362இல் அலெக்சாந்திரியாவில் கூடியவர்கள் எதிர்த்தரப்பினரின் சொல்லைக் கேட்டதோடு நில்லாமல், அச்சொல்லால் நீவிர் கருதுவது யாது என்று வினவினார்கள். 2001இல் வத்திக்கானும் அதே வினாவையே எழுப்பியது. முன்னது ஒற்றுமையில் முடிந்தது. பின்னது பிரிவில் முடிந்தது. விடை எதுவாயினும், வினவாமல் பெயர்த்தல் ஆகாது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவதாகும்.